செத்தவர்களுக்கு யார் பேர் போடுவது?

எழும்பி நில் என்றார்கள், நின்றோம். தலையைக் குனி என்றார்கள், குனிந்தோம். இந்த நாட்டில் எந்தெந்தச் சாவுக்கெல்லாம் பதுளைத் தேயிலை மலையிலுள்ள மடுல்சீமைக்காரர் நாங்கள் எழும்பி நின்றிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வருஷம் பிறந்து கந்தோர் திறக்கும் முதல் நாள், அரசாங்க ஊழியர் உறுதிமொழி எடுக்கும்போது படைவீரருக்காக இரண்டு நிமிடம். பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு இரண்டு நிமிடம். மே 19, போர் வெற்றியின் பேரில் இரண்டு நிமிடம். டிசம்பர் 26 காலை 9.25 முதல் 9.27 வரை, கடல் கொண்டுபோனவர்களுக்காக. 2019 ஏப்ரல் 23 காலை 8.30க்கு, உயிர்த்த ஞாயிறன்று குண்டில் சிதறியவர்களுக்காக மூன்று நிமிடம். தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள் நான். மூக்கு ஒழுகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட “அசையாதே” என்று அதட்டி நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவையும் பொய்யாக நின்றதில்லை. செத்தவர் எவரென்றாலும் ஒரு தாய் பெற்றதுதானே.

இப்போது நான் கேட்கிறேன். எங்கள் சாவுக்கு எந்தத் தேதி? எத்தனை மணி? எங்களுக்காக இந்த நாடு எப்போது எழும்பி நின்றது?

“உங்களுக்கென்ன சாவு? சண்டை நடந்தது வடக்கில், நீங்கள் இருந்தது தேயிலைக்குள்” என்று பதுளை டவுனில் படித்த மனிதர் ஒருவரே என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் பேரில் கோபமில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? நாங்களே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே! அதனால் இன்றைக்குச் சொல்கிறேன்.

எங்களை எண்ணத் தெரியாத அரசாங்கம் இல்லை இது. நன்றாக எண்ணத் தெரியும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் எங்களை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964 அக்டோபர் 30 இல் நம் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 975,000 தலை என்று கணக்குப் பார்த்தார்கள். 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 என்று வெட்டிக்கொண்டார்கள். அக்காவுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று ஒரே லயத்துக் குடும்பத்தைக் கிழித்த பாகப்பிரிவினை அது. பங்கு போடும்போது ஒரு தலை தவறவில்லை. செத்தபோதுதான் கணக்குப் பிசகிவிட்டது!

எழுபதுகளின் பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காமல் லயம் லயமாகச் சனம் வெளிக்கிட்டது. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் எங்களுக்கு அடி விழுந்தது. 1983 ஜூலையில் பதுளை டவுன் பற்றி எரிந்தது. ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டியவர்களுக்குப் போக இடம் ஒன்றுதான் தெரிந்தது: வன்னி. அங்கே தமிழ்ச் சனம் இருக்கிறது, காணி இருக்கிறது, அடிக்க மாட்டார்கள் என்றார்கள். காந்தியம் என்ற இயக்கத்தை நடத்திய டேவிட் ஐயாவும் டொக்டர் ராஜசுந்தரமும் எங்கள் சனத்துக்குக் காடு வெட்டவும் கிணறு தோண்டவும் கை கொடுத்தார்கள். அந்த டொக்டரை 1983 ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொன்றார்கள். டொலர் பாம், கென்ட் பாம் என்ற பண்ணைகளில் குடியேறியிருந்த எங்கள் ஆட்களை 1984 இல் துரத்திவிட்டு அங்கே சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 இல் புலிகள் வந்து அந்தச் சிங்களக் கைதிகளையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கொன்றார்கள். துரத்தப்பட்டவனும் ஏழை, வெட்டுப்பட்டவனும் ஏழை.

என் அண்ணன் 1983க்குப் பிறகு போனவர். மதினியும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போனார்கள். கிளிநொச்சிப் பக்கம் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்று போய்ப் பாருங்கள், பாட்டன் பாட்டி பேரைக் கேளுங்கள். பாதிப் பேர் பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று சொல்வார்கள். மேட்டுக்காணி, உறுதி கிடையாது, குளத்துத் தண்ணீர் எட்டாது. வயல்காரனுக்குக் கூலி வேலை. யாழ்ப்பாணத்து வாயில் ‘தோட்டக்காட்டான்’ என்ற பட்டம். அண்ணன் அதையும் சிரித்துக்கொண்டே எழுதுவார்: “இங்கே அட்டைக்கடி இல்லை தங்கச்சி, மனுசர்தான் கொஞ்சம் கடிக்கிறார்கள்.”

பிறகு வீட்டுக்கு ஒரு ஆள் என்று புலிகள் கேட்டார்கள். காசு உள்ளவன், வெளிநாட்டில் சொந்தம் உள்ளவன் எப்படியோ வழி பார்த்தான். எங்கள் ஆளுக்கு யார் இருந்தார்கள்? பங்கருக்குள்ளும் பற்றைக்குள்ளும் பிள்ளையை ஒளித்து வைத்துத்தான் பார்த்தார்கள். அண்ணனின் மகளை, என் மருமகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் தானாகப் போனவளில்லை. ஆனால் செத்த பிறகு யார் பிரித்துப் பார்த்தார்கள், இழுபட்டுப் போனவள் எவள், எழும்பிப் போனவள் எவள் என்று?

2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி விழுந்தது. தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். ஒரு நூற்றாண்டுக்கு மேல் மலையில் ஏறியும் இறங்கியும் பழகிய எங்கள் இனத்துக்குக் கடைசியில் கிடைத்தது அந்த ஒரு துண்டுக் கடற்கரை மணல். அண்ணனும் மதினியும் மகனும் எங்கே விழுந்தார்கள் என்று இன்று வரை தெரியாது.

எத்தனை பேர் செத்தார்கள்? ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக அறிக்கை எழுபதாயிரத்துக்கு மேலும் இருக்கலாம் என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை கச்சேரிக் கணக்கையே எடுத்துக் காட்டினார்: 2008 அக்டோபரில் வன்னியில் 429,059 பேர், வெளியே வந்தவர்கள் 282,380 பேர், மிச்சம் 146,679 பேர் எங்கே? அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அதற்குள்ளே நான் இன்னொரு கேள்வி வைக்கிறேன். அந்த மிச்சத்தில் லயத்தில் பிறந்தவர் எத்தனை பேர்? லயத்தில் பிறந்தவருக்குப் பிறந்தவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை எடுத்து எங்கள் கையில் கொடுத்தவர் யார்? கொழும்பா, யாழ்ப்பாணமா, ஜெனிவாவா?

காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று 2010 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு கந்தோருக்குப் போனேன். “நிரந்தர விலாசம் மடுல்சீமை என்றால் பதுளைக்குப் போங்கள்” என்றார்கள். பதுளையில் இன்னொரு கந்தோர்: “சம்பவம் நடந்தது அங்கே, அங்கேயே பதியுங்கள்.” வன்னியில் விலாசம் காட்டக் காணி உறுதி இல்லை. தோட்டத்தில் செக்ரோலில் அண்ணன் பேரை வெட்டி எத்தனையோ காலம். உயிரோடு இருந்தபோதும் இரண்டு பக்கத்துக்கும் ஆகாத மனிதன், செத்தும் இரண்டு பக்கத்துக்கும் ஆகாத பிணமாகப் போனார்.

இப்போது செத்தவர்களுக்காக மௌனம் காக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு மௌனம் காக்கத் தெரியாது, ஐயா! எங்கள் லயத்துச் சாவுக்கு வந்து பாருங்கள். தப்பு முழங்கும், சங்கு ஊதும். பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். எத்தனையாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டினான், எந்தக் கங்காணி அவனுக்கு அரைப்பேர் போட்டு வயிற்றில் அடித்தான், யாருக்குக் கடன்பட்டான், யார் கடனை அடைக்காமல் ஏமாற்றினார்கள், எல்லாம் அந்த அழுகைக்குள் வரும். ஏசவும் ஏசுவோம், “என்னை விட்டுட்டுப் போனியே பாவி” என்று. ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் அவன் காதில் விழும்படி சொல்லித்தான் குழிக்கு அனுப்புவோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் காத்துவைத்த எங்கள் சரித்திரம் அது. அந்த ஒப்பாரிக்கு ஒரு பேர் வேண்டும், ஒரு முகம் வேண்டும், ஒரு பிணம் வேண்டும். அண்ணனுக்கு மாரடித்து அழ எனக்கு இதில் ஒன்றையாவது மிச்சம் வைத்தார்களா?

இரண்டு நிமிட மௌனம் தொரைமாரின் வழக்கம். 1918 இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் நண்பகல் பீரங்கிச் சத்தத்தோடு நின்று பார்த்தார்கள். அதைக் கேட்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 1919 நவம்பர் 11, பதினொரு மணிக்குத் தன் சாம்ராஜ்யம் முழுவதையும் நிற்கச் சொன்னார். சாம்ராஜ்யத்துக்குள் எங்கள் மலைகளும் இருந்தன. 1914 இல் ‘சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள்’ படையாகக் கப்பலேறி, எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போன தொரைமாரில் செத்தவர்களும் உண்டு. அவர்களை நினைத்து நிற்பதில் குற்றமில்லை. ஆனால் நினைவு யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று பாருங்கள். பதுளை டவுனில் புனித மார்க் தேவாலயம் இருக்கிறதே, அது மேஜர் ரோஜர்ஸ் என்ற தொரையின் ஞாபகார்த்தமாகக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேல் யானையைச் சுட்டவர், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானை சுட்ட தொரைக்கு ஒரு கோயில். மன்னாரிலிருந்து கால்நடையாக மலையேறும்போது பேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்த எங்கள் பாட்டன்மாருக்கு நரியும் கழுகும்.

போரில் செத்த தொரைமாரின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆணைக்குழு 2021 ஏப்ரலில் தானே ஒப்புக்கொண்டது: முதலாம் உலகப் போரில் சாம்ராஜ்யத்துக்காகச் செத்த பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்கர், எகிப்தியர் என்று குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பேர் சொல்லி நினைக்கப்படவில்லை, ஒருவேளை நினைக்கப்படவேயில்லை என்று. நூறு வருஷமாக, ஆண்டுதோறும், அத்தனை பேரை விட்டுவிட்டுத்தான் அந்த இரண்டு நிமிடம் நடந்திருக்கிறது. சயாம் மரண ரயில்பாதையைப் பாருங்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல். அவனுக்குப் பக்கத்திலேயே மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் செத்த தமிழ்க் கூலிக்கு? எலும்பு எங்கே என்றுகூட நெடுங்காலம் கேட்பாரில்லை. கூலி எங்கே செத்தாலும் இதுதான் கதை போலிருக்கிறது.

எங்கள் சொந்த ஊவா மாகாணத்துக்கு வருவோம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. 2000 அக்டோபர் 25 காலை. புனர்வாழ்வு முகாம் என்று பேர் வைத்து, புலிச் சந்தேகத்தில் பிடித்தவர்களையும் சரணடைந்தவர்களையும் வைத்திருந்தார்கள். சின்ன வயது, சிலர் பிள்ளைகள். முகாமில் இருந்த நாற்பது சொச்சம் பேரில் இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்களை ஊர்க்கூட்டம் உள்ளே புகுந்து வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. ஆயுதத்தோடு பொலிஸ் நின்றுகொண்டிருந்தது. ஐந்து பேருக்கு 2003 இல் மரண தண்டனை விதித்தார்கள். 2005 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. அரசாங்கத்தின் காவலில், பதுளை மாவட்டத்துக்குள், பட்டப்பகலில் செத்த பிள்ளைகள். பஸ் அந்த வழியாகப் போகும்போது எங்கள் சனம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்க்காது. தலையைக் குனிந்துகொண்டு வாயை மூடி இருப்போம். அதுவா அஞ்சலி? அது பயம்! இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பயம் இன்னும் அதே பஸ்ஸில்தான் போகிறது.

பயங்கரவாதிக்கு என்ன அஞ்சலி என்பீர்கள். இந்த ஊவா மண்ணிலேயே நின்று பதில் சொல்கிறேன். 1818 இல் வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊவா வெல்லஸ்ஸ கிளர்ந்தது. கெப்பெட்டிபொலவையும் மற்றத் தலைவர்களையும் துரோகிகள் என்று பிரகடனம் செய்தார்கள். அந்தத் துரோகிப் பட்டத்தை இந்த நாட்டு ஜனாதிபதி 2016 டிசம்பரில் கையெழுத்துப் போட்டு நீக்கினார். ஏறக்குறைய இருநூறு வருஷம்! 1971 ஏப்ரலில் வெல்லவாய பொலிஸ் நிலையத்தைத் தாக்கித்தான் ஜே.வி.பி. கிளர்ச்சி தொடங்கியது. அன்றைக்கு அவர்களும் பயங்கரவாதிகள்தான், பிறகு டயரோடு எரிக்கப்பட்டவர்கள்தான். இன்றைக்கு நவம்பர் 13 வந்தால் கட்சியைத் தொடங்கிய விஜேவீரவுக்கும் செத்த தோழர்களுக்கும் சிவப்புக் கொடி கட்டி விளக்கேற்றுகிறார்கள். அந்தக் கட்சியின் தலைவர்தான் 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியாகத் தெரிவானார். நல்லது. செத்த தோழனை நினைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கட்டும். செத்த அண்ணனை நினைக்கும் உரிமை எனக்கும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அண்ணன் ஆயுதம்கூடத் தூக்கவில்லையே. அவர் தூக்கியது மண்வெட்டி.

வடக்கில் இருக்கும் உறவுகளே, உங்களோடும் எனக்கு வழக்கு உண்டு. நவம்பர் 27 மாவீரர் நாள், மாலை 6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்கு ஈகச்சுடர். மாவீரர் துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது எனக்கும் நெஞ்சைக் கிழித்தது. மே 18 இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சி காய்ச்சுகிறீர்கள், அதையும் பொலிஸ் வந்து தடுத்த காலம் உண்டு. நீங்கள் பட்ட துன்பம் பெரிது. ஆனால் அந்தச் சுடர்களில் எங்கள் பிள்ளைகளுக்கான சுடர் எது? அவர்களை ‘வன்னி மக்கள்’ என்று ஒரே சொல்லில் சேர்த்துவிட்டீர்கள். உயிரோடு இருந்தபோது எங்களைப் பிரித்துக் காட்ட உங்களிடம் சொல் இருந்தது. கிணற்றடியில் பிரித்தீர்கள், கலியாணத்தில் பிரித்தீர்கள், காணிக் கச்சேரியில் பிரித்தீர்கள். சாவில் மட்டும் எப்படி ஒன்றாகிவிட்டோம்?

பசறை வீதியில் மழைக்கு நான் ஒதுங்குகிற பஸ் தரிப்பிடத்தில் ஒரு படைவீரனின் பேரும் படமும் இருக்கிறது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளை. வயல் இல்லாத வீடு. சம்பளத்துக்காக ஆமிக்குப் போனவன். பத்தரமுல்லையில் பாராளுமன்றத்துக்கு அருகேயும் படையினருக்குப் பெரிய நினைவுத்தூபி எழுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா பஸ் தரிப்பிடத்துக்கு வந்து மகன் முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்குக் கிடைத்ததில் ஒரு துளியையும் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் துடைக்க அவளுக்கு ஒரு இடம் இருக்கிறது. என் மதினி உயிரோடு வந்திருந்தால் எதைத் துடைப்பாள்?

கடைசியாக, எங்கள் தலைவர்மாரே. உங்களிடம்தான் எனக்கு ஆகக் கூடிய கோபம். 1940 ஜனவரி 10 இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுச் செத்த கோவிந்தனின் பேர் எனக்குத் தெரியும். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணிக்காகச் செத்த சிவனு லெட்சுமணனின் பேர் தெரியும். எப்படித் தெரியும்? யாரோ எழுதி வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காக விசாரணைக் கமிஷனில் வாதாட ஒரு கொல்வின் ஆர். டி சில்வா எழும்பினார். தொழிற்சங்கப் போராட்டத்தில் விழுந்தவனுக்குப் பேர் உண்டு. போரில் விழுந்தவனுக்கு மட்டும் ஏன் இல்லை? வன்னிக்குப் போனவர்கள் உங்களுக்குச் சந்தாவும் தரமாட்டார்கள், நுவரெலியாவிலோ பதுளையிலோ வாக்கும் போடமாட்டார்கள் என்பதாலா? ‘அது வடக்குப் பிரச்சினை, நமக்கு வேண்டாம்’ என்று எத்தனை மேடையில் சொன்னீர்கள்! மந்திரிப் பதவி இருந்தபோது ஒரு நாளாவது பாராளுமன்றத்தில் எழும்பி, எங்கள் தோட்டங்களிலிருந்து போய்ச் செத்தவர்களின் பட்டியல் இது என்று ஒரு தாளை மேசையில் வைத்தீர்களா?

சாக்குச் சொல்லாதீர்கள், உங்களால் முடியும். உயிரோடு இருப்பவரின் பேர் லயம் லயமாக, காம்பரா காம்பராவாக உங்களிடம் இருக்கிறது. சந்தா பிடிக்க ஒரு பேர் விட்டுப்போவதில்லை. அதே தோட்டக் கமிட்டித் தலைவர்மாரை அதே லயங்களுக்கு அனுப்புங்கள். இந்தக் காம்பராவிலிருந்து வன்னிக்குப் போனவர் யார், எந்த வருஷம் போனார், எந்த ஊரில் இருந்தார், கடைசியாக எப்போது தகவல் வந்தது? நான்கு கேள்விதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள எங்கள் சனத்திடமும் இதையே கேளுங்கள். காணாமல் போன பிள்ளைகளுக்காக ஆண்டுக் கணக்கில் போராட்டக் கொட்டிலில் உட்கார்ந்திருக்கும் அம்மாமாரைக் கேளுங்கள், அவர்களுக்குள்ளும் நம்மவர் இருப்பார்கள். பட்டியல் கையில் வரட்டும். தோட்டம் தோட்டமாக, மாரியம்மன் கோவில் முற்றத்தில் வைத்து, எழுத்தறிந்த பிள்ளையைக் கொண்டு உரக்க வாசிப்போம். தப்பு அடிப்போம், ஒப்பாரி வைப்போம், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும்வரை கத்துவோம். அதன் பிறகு உங்கள் இரண்டு நிமிட மௌனத்தைச் சொல்லுங்கள், இருக்கிறோம். பேர் தெரியாத பிணத்துக்கு மௌனம் காப்பது, கொன்றவனுக்குச் செய்யும் உதவி.

இந்தக் கிழவி போய்விட்டால் எங்கள் லயத்தில் அந்த நாலு பேரையும் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே இன்றைக்கே வாருங்கள், கொப்பியும் பேனையும் கொண்டு வாருங்கள். முதலாவது என் அண்ணன். இரண்டாவது மதினி. மூன்றாவது, பாரதிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்குப் பரிசு வாங்கிய அவர்களின் மகன். நான்காவது, பிடித்துக்கொண்டு போன என் மருமகள். அவளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தயங்காதீர்கள், அப்பன் ஆத்தாவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர் என்ற இடத்தில் வன்னி என்றும் போடுங்கள், மடுல்சீமை என்றும் போடுங்கள். இரண்டும் அவர்களுடையது.